டோனாவூர் அம்மா
பாட்டுப் புனைந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் வரலாறு

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பின் பொருட்டுக் கன்னட நாட்டிற் குடியேறி, பாலாற்றங்கரையிலும் அதற்கப்பாலும் வாழ்ந்து வரும் தமிழ்க் குடும்பத்தார் நாம். நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் தமிழுக்கோ தமிழருக்கோ உழைத்த பெரியார் ஒருவரின் வாழ்க்கையைப் படித்து இன்புறுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்ட அம்மையார் தமிழர் அல்லர், இந்தியரும் அல்லர். அயர்லாந்து நாட்டிற் பிறந்தவர். ஆயினும் நெல்லைச் சீமையிலே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, ஒருமுறையேனும் விடுப்புப் பெற்றுத் தாயகம் திரும்பாமல், அங்கேயே மண்ணானவர். நமக்கு இவர்பால் தனிப்பட்ட உரிமை ஒன்றும் உண்டு. இவர் தமிழ் நெடுங்கணக்கை முதன்முதல் எழுதிப் பழகியது தமிழ்நாட்டில் அன்று, நம் பெங்களூரில்தான்.

ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1867-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள், வட அயர்லாந்தில் டௌன் கோட்டத்தைச் சார்ந்த மில்லைல் என்னும் கடற்கரைச் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் டேவிட் மாவு அரைக்கும் ஆலைகட்கு உரிமையாளர். உடன்பிறந்தார் எழுவருள் இவரே மூத்தவர். குடும்பத்தார் பிரெஸ்பிட்டேரியன் சபையினர். இவருக்குப் பழுப்பு நிறக் கண்கள். தாயாரைப் போல் நீலக் கண்கள் வேண்டுமென்று சிறு வயதில் ஓரிரவு கடவுளை வேண்டிக்கொண்டு உறங்கி, காலையில் கண்ணாடியைப் பார்த்து ஏமாந்தார் என்பர். நீலக் கண் கொடாமற் போனதன் பயன் பிற்காலத்தில் விளங்கிற்று. சேலை உடுத்து, முகத்திலும் கையிலும் நிறம் தோய்த்துக்கொண்டு, வெள்ளையர் புகலாகாத இடங்களுக்கு அவர் சென்று வந்தபோது பழுப்புக் கண் காட்டிக்கொடுக்கவில்லை.

பன்னிரண்டு வயதளவில் இவரை இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியிலுள்ள ஹாரோகேட் நகருக்கு அனுப்பினர். அங்கே மார்ல்பரோ இல்லம் என்ற விடுதிப்பள்ளி மெதடிஸ்டு சபையாருடையது. மெதடிஸ்டுகள் பாட்டிற் பெருவிருப்பமுடையவர். அச்சபையை நிறுவிய வெஸ்லி சகோதரருள் இளையவரான சார்லஸ் ஆயிரக்கணக்கான ஞானப்பாட்டுக்களை இயற்றியவர். பிற்காலத்தில் அமெரிக்க நாட்டு மெதடிஸ்டு அம்மையாரான பேனி கிராஸ்பி, பிறந்து ஆறு வாரத்தில் கண்ணொளி இழந்தும், எண்ணாயிரத்திற்கு மேற்பட்ட பாட்டுக்களைப் புனைந்து புகழ் பெற்றார். இத்தகைய பாட்டு மரபினர் நடத்திய பள்ளியிலேதான் ஏமி அம்மையாரின் உள்ளமும் திரும்பிற்று. 1883-இல் அப்பள்ளிச் சிறுவர்க்கென நடந்த கூட்டமொன்றில், அன்னா வார்னர் என்னும் அமெரிக்கப் பெண்மணி இயற்றிய குழந்தைப் பாட்டொன்றைப் பாடிய பின்னர், சற்று நேரம் எல்லோரும் வாய் பேசாதிருக்குமாறு பணிக்கப்பட்டது. அச்சில நிமிடங்களே தம் வாழ்வைத் திருப்பின என்று பின்னாளில் அவர் எழுதியுள்ளார். சொற்பொழிவு செய்யாததைச் சிறு பாட்டொன்று செய்தது.

தந்தையாரின் செல்வம் தளர்ந்தது. 1885-இல் அவர் இறந்தார். குடும்பம் பெல்பாஸ்டு நகரில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலினின்று மீளும்போது, கனத்த மூட்டையைச் சுமந்து தள்ளாடிய கந்தலாடைக் கிழவி ஒருத்தியைக் கண்டு, ஏமியும் தம்பியர் இருவரும் அம்மூட்டையைத் தாங்கி உடன் நடந்தனர். எதிரே வந்த கனவான்களைக் கண்டபோது மூவர்க்கும் நாணத்தால் முகம் சிவந்ததாம். அந்நாணத்தை எண்ணி அவர் பின்னர் நாணினார். அதன்பின் நெசவாலைகளிற் கூலி செய்யும் ஏழைப் பெண்களோடு பழகத் தொடங்கினார். தொப்பி வாங்கப் பொருளின்றிச் சால்வையால் தலையை மூடிக்கொள்ளும் அப்பெண்களைக் கோயிலுக்கு அழைத்து வந்ததைப் பெருங்குடி மக்கள் சிலர் விரும்பவில்லை. அவர்கள் தொகை பெருகவே, ஐந்நூறு பேர் அமரத்தக்க இரும்புத் தகட்டுக் கூடமொன்று ஐந்நூறு பவுன் செலவில், நல்லார் ஒருவரின் கொடையால், 1889-இல் எழுந்தது. அப்போது அம்மையாருக்கு வயது இருபத்தொன்று.

வெளிநாட்டுத் தொண்டுக்குச் செல்ல விரும்பிய அவரை மருத்துவர் உடல்நலம் போதாதென்று தடுத்தனர். சீனத்திற்குச் செல்ல இயலவில்லை. 1893-இல் ஜப்பானுக்குப் புறப்பட்டார். அங்கு மாட்சுவே நகரில் நோயுற்ற கிழவியொருத்தியிடம் பேசிக்கொண்டிருந்தபோது, அவள் கேட்ட சொல்லை விட்டுவிட்டு அம்மையாரின் கையிலிருந்த மென்மயிர்க் கையுறைகளையே வியந்து பார்க்கலானாள். வீடு திரும்பிய அம்மையார் தம் ஐரோப்பிய உடையைக் களைந்து ஜப்பானியர் உடை அணிந்தார். பிற்காலத்தில் சேலை உடுத்ததற்கு வித்து இதுவே. பதினைந்து திங்களில் நோய் மிகுந்து, சீனமும் இலங்கையும் கண்டு, 1894-இன் இறுதியில் இங்கிலாந்து திரும்ப நேர்ந்தது.

இந்தியாவிற்கு அவரை அனுப்பியது இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த செனானா மிஷன் சங்கம். 1895 நவம்பர் 9-ஆம் நாள் சென்னையில் இறங்கி, அங்கிருந்து பெங்களூரை அடைந்தார். வந்தவுடன் எலும்பை முறிக்கும் காய்ச்சல் ஒன்று பற்றிக்கொண்டது. பெங்களூர்க் கண்டோன்மெண்டில் அக்காலத்திலேயே தமிழர் மிகுதியாக வாழ்ந்தனர். ஆகவே கன்னட நாட்டிலிருந்தும் அவர் கற்கத் தொடங்கியது தமிழே. எழுத்தும் ஒலிப்பும் அவரை மிக வருத்தின. குதிரையேறி விரைந்து செல்வதில் இருந்த விருப்பம் இலக்கணத்தில் இல்லை எனலாம். அங்கிருந்த வெள்ளையரின் தேநீர் விருந்துகளும் வீண்பேச்சுக்களும் அவருக்கு ஒவ்வவில்லை; நாட்டு மக்களோடு வாழாமல் நாட்டு மொழி வாராது என்று கருதினார். நம் காலனிப் பிள்ளைகள் தெருவிலே கன்னடமும் வீட்டிலே தமிழும் பேசி இரண்டிலும் தேர்ந்து விடுவதைக் காணும் நாம், அவர் கருத்துச் சரியென்றே சொல்லுவோம்.

நீலகிரியில் தாமஸ் வாக்கர் என்னும் பாதிரியாரைச் சந்தித்தார். வாக்கர் தமிழில் வல்லவர். நெல்லையில் தொண்டாற்றி வந்தவர். அவரிடம் தமிழ் கற்கும் பொருட்டு 1896-இன் இறுதியில் அம்மையார் நெல்லைச் சீமைக்குச் சென்றார். அக்காலத்தில் பெங்களூரிலிருந்து நெல்லை செல்வோர் நேர்வண்டியை எதிர்பார்க்க இயலாது; அகலப்பாதை வண்டியை விட்டிறங்கி, மீட்டர்ப்பாதை வண்டியில் மூட்டை முடிச்சுக்களை ஏற்றியே தீரவேண்டும். இரயில்வேயிற் பணி புரியும் நாம் இதனைச் சொல்லாமற் போகலாமா? இரயில் நின்ற இடத்திற்கு அப்பால் மாட்டுவண்டிதான்.

பண்ணைவிளையில் தங்கியிருந்த காலத்தில் தமிழ்ப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் குழுவொன்றை அமைத்தார். ஊரார் அக்குழுவை விண்மீன் கூட்டம் என்று அழைத்தனர். அக்குழுவின் உயிராக இருந்தவர் பொன்னம்மாள் என்னும் இளங்கைம்பெண். ஊதியம் இவ்வளவென்று பேசாமல், தாலி தவிர்த்த தம் நகைகளையெல்லாம் களைந்து அப்பெண்கள் உழைத்தனர். நகையின்றி ஒரு பெண் தெருவில் நடப்பதைத் தமிழகம் எவ்வாறு நோக்கும் என்பதை நம் தாய்மார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஊர் மன்றத்தே கூட்டம் சேர்க்க அவர்கள் கையாண்ட கருவி பாட்டு.

நெல்லைச் சீமை கிறிஸ்தவக் கீர்த்தனைகட்குப் பேர்பெற்றது. திருநெல்வேலியிற் பிறந்து தஞ்சையிற் புகழ் பெற்ற வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் அங்கே வீடுதோறும் ஒலித்தன. இரட்சணிய யாத்திரிகம் இயற்றிய எச். ஏ. கிருஷ்ண பிள்ளை அவர்கள் அப்போது பாளையங்கோட்டையில் வாழ்ந்திருந்தார், 1900-இல்தான் மறைந்தார். இத்தகைய மண்ணிலே வந்து நின்ற அயல்நாட்டுப் பெண், மேனாட்டு இசை மட்டுமே போதும் என்று கருதியிருப்பாராயின் அவர் பெயரை இன்று நாம் நினைக்கப் போவதில்லை.

1901-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நடந்த நிகழ்ச்சியே அவர் வாழ்வின் நடுக்கல். பிரீனா என்னும் ஏழு வயதுச் சிறுமி பெருங்குளத்துக் கோயிலிற் பொட்டுக்கட்டும் பொருட்டு ஒப்புவிக்கப்பட்டிருந்தாள். அவள் முன்னொருமுறை தப்பித் தூத்துக்குடியிலிருந்த தாயிடம் ஓடினாள். ஏறத்தாழ இருபது மைல். ஏழு வயதுக் கால்கள். பின்தொடர்ந்து வந்த பெண்களுக்கு அஞ்சித் தாயே குழந்தையின் கையைத் தன் கழுத்தினின்று விலக்கி அவர்களிடம் கொடுத்துவிட்டாள். ஓடிய குற்றத்திற்காக அச்சிறு கைகளிற் சூடு போட்டனர். மீண்டும் ஒருநாள் மாலை அவள் தப்பினாள். வழியிற் கண்ட கிறிஸ்தவப் பெண்ணொருத்தி இரவு தன் வீட்டில் வைத்திருந்து, மறுநாட்காலை பண்ணைவிளைக்கு அழைத்து வந்தாள். டோனாவூரிலிருந்து அம்மையார் பண்ணைவிளைக்குத் திரும்பியிருந்தது அதற்கு முந்தின நாள்தான். ஒருநாள் முன்னதாகக் குழந்தை வந்திருந்தால் அவரைக் கண்டிராது. குழந்தை நேரே ஏறி அவர் மடியில் அமர்ந்து, தான் இங்கேயே இருக்கப் போவதாகச் சொல்லிவிட்டது. கோயிற் பெண்கள் வந்து கேட்டபோது போக மறுத்தது. தான் அறிந்ததையெல்லாம் அது தன் பொம்மையைக் கொண்டு நடித்துக்காட்டிற்று. அன்று வரை ஊர் ஊராய்ச் சென்று சமயம் போதிப்பதே தம் கடன் என்றிருந்த அம்மையார், கால் கட்டப்பட்டவராய்க் குழந்தைகளின் தாயாக அமர்ந்தார்.

டோனாவூர் என்பது நெல்லைக்குத் தென்மேற்கே, களக்காட்டை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் உள்ளது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அங்குக் கோயில் கட்டப் பொருளுதவிய ஜெர்மானியப் பிரபு டோனா என்பவரின் பெயரே ஊருக்கு ஆயிற்று. மண்சுவரும் ஓட்டுக் கூரையுமாய் இருந்த அவ்விடத்தில் 1904-இல் பதினேழு குழந்தைகள் இருந்தனர். 1913-இல் நூற்றுக்கு மேற்பட்டனர். பச்சிளங் குழந்தைகளையும் கொண்டுவந்து சேர்த்தனர். தாய்ப்பால் இல்லை, மருத்துவர் அருகில் இல்லை. கொள்ளை நோயாக வந்த பேதியில் குழந்தைகள் பல மாண்டன. மருத்துவ வசதி வேண்டி நெய்யூர் மிஷன் மருத்துவமனையை அடுத்து ஒரு குழந்தை இல்லம் வைத்துப் பொன்னம்மாளை அங்கு அமர்த்தினார். படித்த தமிழ்ப் பெண்கள் கூடப் பிறர் குழந்தைக்குக் கால் கழுவிவிடும் வேலைக்கு வர மறுத்தனர். ஆகவே அம்மையாரே செய்தார். இரவெல்லாம் குழந்தைகளின் நகமும் முடியும் வெட்டி உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. இங்கிலாந்திலிருந்த சிலர் இதனை ஊழியமா என்று கேட்டனராம்.

இக்குழந்தைகட்காகவே அவர் பாட்டெழுதலானார். அச்சிட்டுப் புகழ் பெறும் பொருட்டு எழுதியவை அல்ல அவை. தரை மெழுகும்போதும், காய் நறுக்கும்போதும், நோயுற்ற குழந்தையின் அருகில் அமரும்போதும் பாடத்தக்க எளிய பாட்டுக்கள். பூவும் பறவையும் மலையும் மழையும் இடம்பெறும் பாட்டுக்கள். ஒவ்வொரு குழந்தையும் டோனாவூர் வந்து சேர்ந்த நாளையே அதன் பிறந்தநாள்போற் கொண்டாடும் வழக்கத்தை ஏற்படுத்தினார். பிறந்த நாள் தெரியாத குழந்தைக்கு இதைவிட வேறு என் செய்வது? அந்நாட்களிலும் பாட்டுண்டு. 1917-இல் மேற்குமலைக் காட்டில் ஓரிடம் வாங்கி, கோடையில் குழந்தைகளை அங்கு அழைத்துச் சென்றார். காட்டருவியும் பாறையும் அவர் செய்யுட்களில் மிகுதியாக வருவது இதனாலேயே.

அவர் செய்யுட்களில் பெரும்பாலன ஆங்கிலத்தில் இயன்றவை. எருசலேமை நோக்கி என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு தொகுதி 1936-இல் வெளிவந்தது. டோனாவூர்ப் பாட்டுக்கள் சிறகுகள் என்னும் பொருளுடைய பெயரில் அவர் மறைவுக்குப்பின் 1960-இல் நூலாயின. பேனி கிராஸ்பியின் பாட்டுக்களைப்போல் உலகமெங்கும் ஓங்கி ஒலிக்கும் பாட்டுக்கள் என்று இவற்றைச் சொல்ல முடியாது. வீட்டிற்குள் பாடப்படும் தாலாட்டை அரங்கேற்றுப் பதத்தோடு வைத்து எடை போடுவது முறையன்று என்பது நம் கருத்து.

1903-இல் வெளிவந்த அவருடைய நூலொன்று இந்தியாவில் நடந்தவாறே நடந்ததைச் சொல்லிற்று. அதன் கையெழுத்துப் படியைக் கண்ட சிலர் இத்துணைத் துயரம் வேண்டாம், மகிழ்ச்சியாக எழுதுக என்று திருப்பி அனுப்பினர். வெளிவந்த பின்னரோ, மிஷனரிமார் சிலரே அவரைத் திருப்பி அழைத்துக்கொள்ள வேண்டுமென்று முயன்றனர். மறுபுறம், அந்நூலில் இந்து சமயத்தைப்பற்றி அவர் எழுதியவற்றுள் கடுமை மிகுந்த பகுதிகள் உண்டு. ஆழ்வாரும் நாயன்மாரும் பாடிய கோயில்களை இருள் என்னும் ஒரே சொல்லில் அவர் அடக்கிவிட்டதை நாம் ஏற்க இயலாது. ஆனால் பொட்டுக்கட்டும் வழக்கத்தைக் கண்டித்தவர் அவர் ஒருவரே அல்லர் என்பதையும் மறத்தலாகாது. நம் மைசூர் அரசு 1909-ஐ ஒட்டியே அரசாங்கக் கோயில்களில் தேவதாசிப் பணியை நிறுத்தியது. சென்னை மாகாணத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சட்டமன்றத்திற் போராடினார். முழுத் தடைச் சட்டம் 1947-இல் நிறைவேறிற்று. அம்மையார் அதனைக் காண உயிரோடிருந்தார்.

சட்டத்தோடு அவர் மோதியதும் உண்டு. முத்தம்மாள் என்னும் சிறுமியை உறவினர் வசம் விட்டால் தீங்கு நேரும் என்று கருதிக் காத்து வந்தார். தாய் வழக்குத் தொடுத்தாள். 1911-இல் குழந்தையைத் தாயிடம் ஒப்புவிக்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. ஒப்புவிக்க வேண்டிய நாளுக்கு முன் குழந்தை டோனாவூரிலிருந்து மறைந்தது. முகமதியச் சிறுவன்போல் உடை அணிவித்துக் கடல் கடத்தி, இறுதியில் சீனத்திற் சேர்த்துவிட்டனர். அம்மையார் சிறை செல்ல நேரலாம் என்ற நிலை. அவர் சிறை சென்றால் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகளின் கதி யாது? நல்லூழாக அவ்வாறு நேரவில்லை. முத்தம்மாள் ஆண்டுகள் சில சென்றபின் திரும்பி வந்து, டோனாவூரிலேயே வளர்ந்த அருள்தாசன் என்பவரை 1917-இல் மணந்தார். நீதிமன்ற ஆணையை மீறியது சரியா என்று கேட்பார் கேட்கலாம். அலுவலகத்தில் விதிமுறைப் புத்தகத்தையே வேதமாகக் கொண்டு வாழும் நமக்கு இது எளிதில் விடை கூறத்தக்க வினாவன்று. பெற்ற தாயின் உரிமையும் பெரிது. எனினும் சூடுபட்ட பிரீனாவின் கைகளைக் கண்டவர் அவர், நாம் காணவில்லை.

இறப்புக்கள் அடுத்தடுத்து வந்தன. வாக்கர் 1912-இல் மசூலிப்பட்டினத்திற் காலமானார். மறு ஆண்டு தாயார் இறந்த செய்தி வந்தது. அத்தாயார் 1904-இல் டோனாவூர் வந்து ஓராண்டுக்கு மேல் தங்கிப் பேரப்பிள்ளைகளைப்போல் அக்குழந்தைகளைச் சீராட்டியவர். 1915-இல் பொன்னம்மாள் புற்றுநோயால் நெடுநாள் வருந்தி மறைந்தார். 1918 முதல் ஆண்குழந்தைகளையும் ஏற்கத் தொடங்கினர். 1919-இல் அரசாங்கம் கெய்சர்-இ-ஹிந்து பதக்கம் அளித்தபோது, அதனைப் பெறத் தமக்குத் தகுதியில்லை என்று ஆளுநருக்கு எழுதினார். நண்பர் வற்புறுத்தியதால் மறுக்கவில்லையெனினும் வழங்கும் விழாவிற்குச் செல்லவில்லை. அனுப்பிய சங்கத்தினின்றும் விலகி, 1927-இல் டோனாவூர் ஐக்கியம் என்ற பெயரில் தம் இல்லத்தைத் தனி நிறுவனமாகப் பதிவு செய்தார். அங்கு எழுந்த மருத்துவமனைக்குப் பரம சுக சாலை என்று பெயரிட்டனர். பெயரே பாட்டுப்போல் இருக்கிறது.

1931 செப்டம்பர் 24-ஆம் நாள் மாலை, களக்காட்டில் மருந்தகத்திற்கென வாடகைக்குப் பிடித்த வீட்டைப் பார்க்கச் சென்றார். இருட்டில், இடம் மாறித் தோண்டப்பட்டிருந்த குழியில் விழுந்து கால் முறிந்தது. குணமாகும் என்று நம்பினர், ஆகவில்லை. அதுமுதல் இறக்கும்வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் வாழ்ந்தது அமைதி அறை என்று பெயர் பெற்ற ஓர் அறைக்குள்ளே. வளர்ந்த பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக அங்குச் சென்று வருவர். தமக்குப்பின் இல்லத்தை நடத்துவார் என்று நம்பியிருந்த அருளாய் 1939-இல் அவருக்கு முன்பே மறைந்துவிட்டார். படுக்கையிலிருந்தபடியே அவர் எழுதிய நூல்கள் பத்துக்கு மேல். வாழ்நாளில் மொத்தம் முப்பத்தைந்தளவு. நோயாளிகளுக்கு நலமாக இருப்போர் கூறும் ஆறுதல் பயன்படுவதில்லை என்பதை உணர்ந்து, நோயாளியாயிருந்தே நோயாளிகட்கு எழுதிய நூல் அவற்றுள் ஒன்று. மருத்துவமனைகளிற் படுத்திருந்தோர் பலர் அதனைத் தேடிப் படித்தனர்.

1951 சனவரி 18-ஆம் நாள் உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது எண்பத்து மூன்று. தம் கல்லறைமேற் கல் எதுவும் நாட்டலாகாது என்று முன்னரே சொல்லி வைத்திருந்தார். பிள்ளைகள் அச்சொல்லை மீறவில்லை. தோட்டத்தில் அவரை அடக்கம் செய்த இடத்தில், பறவைகள் நீராடிப் பருகக் கல்தொட்டி ஒன்றை வைத்து, அதில் அம்மா என்னும் ஒரு சொல்லைப் பொறித்தனர்.